1942ல லயத்துல நடக்குற நாவல்: பேச்சி செஞ்சது சரியா தப்பான்னு எனக்கே தெரியல

தொங்கல்_காம்பரா:

எல்லாருக்கும் வணக்கம். ஹட்டன் பக்கத்து தோட்டத்துல பொறந்தவ நான், இப்ப வேலை கண்டியில. மூணு வருசமா ஒரு நாவல் எழுதிக்கிட்டு கெடக்கேன். சரித்திர நாவல்னு வாயத் தொறந்தாலே எந்த ராசா எந்த ராணின்னு கேக்குறாங்க, இதுல ராசாவும் இல்ல குதிரையும் இல்ல, ரெண்டாம் உலக யுத்த காலத்துல ஒரு லயத்துல, அதான் தோட்டத்து ஆளுங்களுக்கு வரிசையா ஒட்டிக் கட்டுன வீடுங்கள்ல, இருந்த பொம்பளைங்க கதை அவ்வளவுதான்.

கதைய சுருக்கமா சொல்லிர்றேன். பேச்சிக்கு 24 வயசு, ரெண்டு புள்ள, கண்ணு தெரியாத மாமியா. 1942ல திருகோணமலை பக்கம் மிலிட்டரி வேலைக்கு நல்ல காசு குடுக்குறாங்கன்னு யாரோ சொல்ல, புருசன்காரன் ராவோட ராவா கெளம்பி போயிர்றான். போனவன் போனவன்தான், காசும் வரல கடுதாசியும் வரல. ஆள் ஓடிட்டான்னு ஆபிசுக்கு தெரிஞ்சா பேர வெட்டிருவாங்க, அவன் பங்கு அரிசியும் நின்னுரும். அதனால காய்ச்சல்ல படுத்திருக்கான், இப்ப கொஞ்சம் தேவல, இன்னைக்கு மறுபடி காய்ச்சல்னு சொல்லிச் சொல்லியே பேச்சி அவன் பேருக்கும் மாசக்கணக்கா அரிசி வாங்குறா, தோட்டத்துல பேரும் கணக்கும் எழுதுற கணக்கப்பிள்ளையும் கண்டுக்காம கள்ளப்பேர் போட்டு, அதாவது இல்லாத ஆள இருக்குற மாதிரி எழுதி, விடுறாரு. அதே நேரம் அந்த லயத்துல ஒரு வீட்டுலயும் அரிசி பத்தல, அது பேச்சிக்கும் நல்லாவே தெரியும்.

என்னோட வாசிக்கிற கூட்டாளிங்க ரெண்டு பேர் படிச்சிட்டு "கதாநாயகிய திருடியாக்கிட்டீங்களே, கடைசியிலயாவது மாரியம்மன் கோயில்ல நின்னு அழுது திருந்துற மாதிரி வைங்க" அப்படின்னாங்க. எனக்கு அது ஒட்டவே இல்ல, ஆனா ஏன் ஒட்டலைன்னு பதில் சொல்லவும் தெரியல. நீங்க எல்லாம் என்ன நெனைக்கிறீங்க? அப்புறம் ரெண்டாவது அத்தியாயத்துல ஜப்பான்காரன் ஹட்டன் டவுன் மேல குண்டு போடுறான்னு எழுதியிருக்கேன், அது சரிதானே, யாராவது வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழைய_வாத்தியார்_பதுளை:

மகள், மொதல்ல அந்த குண்டத் தூக்கி வெளிய போடுங்க. ஜப்பான் விமானம் வந்தது 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயித்துக்கிழமை, கொழும்புக்கு. அப்புறம் ஏப்ரல் 9ல திருகோணமலைக்கு. ஹட்டன்ல குண்டு போட்டா நம்ம ஆளுங்களே புத்தகத்த மூடி வச்சிருவாங்க.

யுத்தம் நம்ம மலைக்கு வந்தது அரிசி மூட்டை வழியாத்தான், உங்க கதை அந்த எடத்த சரியா புடிச்சிருக்கு. இந்த நாடே பர்மா அரிசிய நம்பி ஒல வச்ச காலம் அது, 1942 மார்ச்ல ரங்கூன் ஜப்பான்காரன் கைக்கு போனதும் கப்பல் நின்னுருச்சு. கூப்பன் வந்துச்சு, அளவு வந்துச்சு, அரிசிக்குப் பதிலா கோதுமை மாவு வந்துச்சு. இன்னைக்கு ரொட்டியும் கட்டசம்பலும்தான் நம்ம சாப்பாடுன்னு வெளிநாட்டுல இருந்து போட்டோ போடுறவங்களுக்கு எத்தன பேருக்கு தெரியும், அந்தக் காலத்து கெழவிங்க அந்த மாவ பாத்து மொகத்த சுளிச்சாங்கன்னு. கேலி இன்னொன்னு இருக்கு. இங்கிலாந்துல 1940 ஜூலையில இருந்து தேயிலைக்கே ரேசன், ஆளுக்கு வாரம் 2 அவுன்ஸ். அவங்களுக்கு அந்த 2 அவுன்ஸ் தட்டாம போய்ச் சேரணும், அதனால இங்க பசியோ காய்ச்சலோ கொழுந்து மட்டும் நிக்கக்கூடாது.

பேச்சி ஏன் ஊருக்கு திரும்பி போகலன்னு வாசகன் கேப்பான். அதுக்கும் பதில் இருக்கு. 1939 ஆகஸ்ட்ல இந்திய அரசாங்கம் இலங்கைக்கு கூலி வேலைக்கு ஆள் வர்றத தடை பண்ணிருச்சு. கடல் தாண்டிப் போனா மறுபடி இந்தப் பக்கம் வர முடியுமாங்கிற பயம் ஒவ்வொரு லயத்துலயும் இருந்துச்சு. அத ரெண்டு வரியில சொல்லிருங்க, போதும்.

சம்பளத்தையும் கவனிங்க. 1927 சட்டத்துக்கு பொறகு வச்ச குறைஞ்ச சம்பளத்துல மலைநாட்டுல ஆம்பளைக்கு நாளுக்கு 54 சதம், பொம்பளைக்கு 43, புள்ளைகளுக்கு 32. யுத்த காலத்துல கணக்கு மாறியிருக்கும், ஆனா அந்த ஏத்த எறக்கம் மாறல. அதுலயும் பொம்பள சம்பளத்த கைநீட்டி வாங்குறது பல தோட்டத்துல புருசன்தான். அப்ப யோசிச்சுப் பாருங்க, புருசன் ஓடிப்போனதுக்கு அப்புறம்தான் பேச்சி மொத மொதல்ல தன் காச தன் கையில வாங்குறா. அந்த சம்பள நாள ஒரு அத்தியாயமா எழுதலாம், நான் எழுதுறவனா இருந்தா அங்கதான் தொடங்குவேன்.

இன்னொன்னு, உங்க ஆளுங்க ஒண்ணும் தெரியாத அப்பாவிங்க இல்ல. 1940 ஜனவரி 10ல முல்லோயா தோட்டத்துல பொலிஸ் சுட்டு தொழிலாளி கோவிந்தன் செத்தது எல்லா மலைக்கும் தெரியும். தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யர் கூட்டத்துல அவரு மனைவி மீனாட்சியம்மாள் பாட்டு பாடுனத கேட்ட பொம்பளைங்க லயத்துக்கு ஒருத்தியாவது இருந்திருப்பா. பேச்சி பயந்தாங்கொள்ளியா இருக்கலாம், வெவரம் தெரியாதவளா மட்டும் காட்டாதீங்க.

கொழுந்துக்கூடை:

அக்கா நான் பதினஞ்சு வருசம் மலையில கொழுந்து எடுத்தவ இப்ப கட்டார்ல வீட்டு வேலை, ராத்திரி இவங்க தூங்குனதுக்கு அப்புறம்தான் போன் பாக்க முடியும் அதனால தப்பு கிப்பு இருந்தா மன்னிச்சுக்கங்க. சரித்திரம் எல்லாம் வாத்தியாரய்யா சொல்லிட்டாரு நான் லயத்த பத்தி மட்டும் சொல்றேன்.

மொதல்ல ஒரு கெஞ்சல். கணக்கப்பிள்ளை சும்மா கண்டுக்காம விடமாட்டாரு, அதுக்கு ஒரு வெல இருக்கும். அந்த வெலய எல்லாரும் எழுதுற மாதிரி நீங்களும் எழுதிராதீங்க. தோட்டத்து கதைன்னாலே ஒரு பொம்பளைய ஒரு கணக்கப்பிள்ளையோ தொரையோ கூப்பிடுறதுதான், நடக்கலன்னு சொல்ல வரல நடந்துச்சு இப்பவும் நடக்குது, ஆனா எங்கள எழுதுறவங்களுக்கு வேற ஒண்ணுமே கண்ணுக்கு தெரியாதா? வேற வெல நான் சொல்றேன். தராசு. பேச்சி நல்ல கைகாரியா இருந்தா, அவ கூடையில இருந்து தெனம் ரெண்டு ராத்தல் மூணு ராத்தல் அவருக்கு வேண்டிய இன்னொருத்தி பேருல விழும். கொழுந்து நிறுக்குற எடத்துல வரிசையில நிக்கிறப்ப பேச்சி கூடைய எறக்குறா, இடுப்புல கட்டுன படங்குச் சாக்கு நனைஞ்சு தொடையில ஒட்டிக்கிட்டு இருக்கு, தராசு முள்ளு எங்க நிக்குதுன்னு அவ பாக்குறா, அவரு வாயில வர்ற கணக்கு வேறயா இருக்கு, அவ ஒண்ணும் சொல்லல. பின்னால நிக்கிறவளும் முள்ளப் பாத்துட்டா. அவளும் ஒண்ணும் சொல்லல. இத நான் கண்ணால பாத்திருக்கேன்க்கா, யுத்தம் கித்தம் ஒண்ணும் இல்லாத காலத்துலயே.

ரெண்டாவது, லயத்துல ஒளிக்கவே முடியாது. எங்க லயத்துல காம்பராவுக்கு காம்பரா, அதான் அறைக்கு அறை, இருக்குற சுவரு கூரை வரைக்கும் போகாது, இந்தப் பக்கம் கருவாடு பொரிச்சா அந்தப் பக்கம் புள்ள சோறு கேட்டு அழும். ஒருத்தன் இருமுற சத்தம் வச்சே யாருன்னு சொல்லிருவோம். அப்படி இருக்கயில காய்ச்சல்ல படுத்திருக்கான்னு பேச்சி எத்தன நாளைக்கு சொல்லுவா? பக்கத்து காம்பராக்காரிக்கு மொத ராத்திரியே தெரிஞ்சிரும். ஆபிசுல இருக்கவங்களத்தான் அவ ஏமாத்துறா, லயத்த இல்ல. அதனால நீங்க பேச்சி செஞ்சது சரியா தப்பான்னு கேக்குறத விட, அந்த பக்கத்து காம்பராக்காரி என்ன செஞ்சான்னு கேளுங்க. அவ வீட்டுலயும் பசி, அவளுக்கு ஒரு வார்த்த சொன்னா போதும். அவ கதைதான் எனக்கு படிக்கணும் போல இருக்கு.

கோயில்ல எல்லாம் அழ வைக்காதீங்க. பேச்சிக்கு அழ நேரம் ஏது, விடியக்காலம் பேர் கூப்பிடுற பெரட்டுக்களத்துல நிக்கணும்.

வன்னி_மலை:

கோவிச்சுக்காதீங்க, யுத்த கால நாவல்னு பாத்ததும் ஓடி வந்தேன், வந்து பாத்தா 1942 அரிசிக் கதை. நம்ம சனத்துக்கு யுத்தம்னா அதுவா? 1977 கலவரத்துல எங்க தாத்தா குடும்பம் தோட்டத்த விட்டு வவுனியாவுக்கு போச்சு, 83ல இன்னும் சனம் வந்துச்சு, அங்கயே காடு வெட்டி குடிசை போட்டு, அப்புறம் 2009 வரைக்கும் எல்லாத்தையும் பாத்தாச்சு. மலையகத்துல இருந்து போய் வன்னியில செத்தவங்கள பத்தி எழுத ஆள் இல்ல, வெள்ளைக்காரன் யுத்தத்துக்கு நாவல்.

தொங்கல்_காம்பரா:

கோவம் இல்லண்ணா, நீங்க சொல்றது ஞாயம்தான். ஆனா அந்தக் கதைய எழுத வேண்டியது நான் இல்ல, நீங்க. நான் கேட்டு வளந்தது இந்த அரிசிக் கதைதான்.

வன்னி_மலை:

சரி தங்கச்சி. அப்ப நீங்க கேட்டதுக்கே ஒண்ணு சொல்லிட்டு போறேன். ஒரு தடவ செக்பொயிண்ட்ல எங்கம்மாவோட நாலு பொடியன்மார் நின்னோம், இவங்க யாருன்னு கேட்டதுக்கு நாலும் என் புள்ளைங்கன்னு சொன்னாங்க. நானும் தம்பியும்தான் அவங்க பெத்தது, மத்த ரெண்டு பேர் வழியில சேந்தவங்க, பேர் கூட ஒழுங்கா தெரியாது. கைய புடிச்சுக்கிட்டு கண்ண சிமிட்டாம சொன்னாங்க. அதுல ஒருத்தன் இன்னைக்கும் இருக்கான், கல்யாணத்துக்கு எங்கம்மாவுக்கு சீல எடுத்து குடுத்தான். எங்கம்மா சாகுற வரைக்கும் பொய் சொல்லிட்டேனேன்னு ஒரு நாளும் வருத்தப்பட்டு நான் பாக்கல. உங்க பேச்சிய மட்டும் ஏன் மன்னிப்பு கேக்க வைக்கணும்?

சட்டப்_புத்தகம்:

எல்லாரும் 1942லயே நிக்கிறீங்க, கொஞ்சம் முன்னால வாங்க. கதை எந்த வருசத்துல முடியுது? யுத்தத்தோட முடிச்சிட்டீங்கன்னா பெரிய கண்டம் ஒண்ண தாண்டாமலே முடிச்ச மாதிரி.

1948 பிரஜாவுரிமைச் சட்டம் நம்ம ஆளுங்க பெரும்பாலானவங்கள நாடில்லாதவங்களாக்குச்சு, அது எல்லாருக்கும் தெரியும். அடுத்த வருசம் வந்த 1949ம் ஆண்டு 3ம் இலக்க இந்திய பாகிஸ்தானிய குடியிருப்பாளர் சட்டத்துல விண்ணப்பம் போட்டு பிரஜையாகலாம்னாங்க. நிபந்தனை என்னன்னா, 1946 ஜனவரி 1க்கு முன்னால கல்யாணம் ஆனவங்க 7 வருசம், ஆகாதவங்க 10 வருசம் தொடர்ச்சியா இந்த நாட்டுல இருந்ததுக்கு அத்தாட்சி காட்டணும். இப்ப விரல் விட்டு எண்ணுங்க. 1946ல இருந்து 7 வருசம் பின்னால போனா 1939. யுத்தம் தொடங்குனதும் 1939, முடிஞ்சதும் 1945. அதாவது குடும்பக்காரங்களுக்கு அரசாங்கம் கணக்கு கேட்டது அச்சு பிசகாம அந்த யுத்த வருசங்களுக்குத்தான்.

கோயில் கல்யாணத்துக்கு பதிவு இல்ல, பொறப்பு துண்டு பாதிப்பேருக்கு இல்ல, அப்ப எத காட்டுவாங்க? செக்ரோலுங்கிற தோட்டத்து வேலைக்கணக்கு புத்தகம், பேர் பதிவு, கூப்பன் அட்டை, இதுதான். அரிசிக்காக பேச்சி வெட்ட விடாம காப்பாத்துன அந்தப் பேர் ஒன்பது வருசம் கழிச்சு புருசனுக்கு அத்தாட்சியா நிக்குது. அவன் திருகோணமலையில எந்த கேம்ப்ல மண்ணு சொமந்தான்னு சொல்ல ஒரு சாட்சியும் இல்ல, ஆனா தோட்டத்து புத்தகத்துல ஆள் அங்கயே இருக்கான். அதே லயத்துல உண்மைய சொல்லி பேர் வெட்டப்பட்ட குடும்பத்துக்கு அந்த எடத்துல ஓட்டை. பொய் எழுதுனவனுக்கு கடதாசி இருக்கு, உண்மைய சொன்னவனுக்கு இல்ல. 1951 ஆகஸ்ட் 5க்குள்ள போட்ட விண்ணப்பத்துல 8 லட்சத்துக்கு மேல பேர் இருந்தாங்க, கெடச்சது ஒன்றரை லட்சம் பேருக்கும் குறைவு. அதிகாரி கேக்குற கேள்வி எல்லாம் எந்த மாசம் எங்க இருந்தங்கிற மாதிரி. அந்த விசாரணை மேசைக்கு முன்னால பேச்சிய நிப்பாட்டிப் பாருங்க.

பழைய_வாத்தியார்_பதுளை:

நல்லா சொன்னீங்க தம்பி. எங்கப்பாவும் ஒரு தகர டிரங்குல பழைய சம்பளத் துண்டு, தடுப்பூசி துண்டு வரைக்கும் கட்டி வச்சிருந்தாரு, வீடு ஒழுகுனா மொதல்ல எங்கள இல்ல அந்தப் பெட்டியத்தான் நகத்துவாரு.

தொங்கல்_காம்பரா:

ரெண்டு நாளா இந்தப் பக்கம் வரல, மன்னிச்சுக்கங்க. கொழுந்துக்கூடை தங்கச்சி எழுதுனத படிச்சிட்டு போன கவுத்து வச்சவ, சட்டப்புத்தகம் அண்ணன் எழுதுனத படிச்சதுல சுத்தமா தூக்கம் போச்சு. இத சொல்லாம மேல எழுத முடியாது போல, அதனால சொல்லிர்றேன்.

பேச்சிங்கிறது நான் வச்ச பேரு, ஆனா அப்படி ஒருத்தி இருந்தா. எங்க அம்மாயி, அம்மாவோட அம்மா, சொன்ன கதை. நான் சின்னதுல இருந்து அம்மாயிதான் பேச்சின்னு நெனச்சுக்கிட்டே கேட்டேன், எழுதத் தொடங்குனதும் அப்படித்தான். அவங்க சாகுறதுக்கு முந்தின வருசம், 2005ல, எண்பத்தி சொச்சம் வயசு, அடுப்படியில குந்தி இருந்து கையக் காஞ்சுக்கிட்டு திருப்பி அதே கதைய சொன்னாங்க, அன்னைக்குத்தான் வெளங்குச்சு. அம்மாயி பேச்சி இல்ல. சுவத்துக்கு இந்தப் பக்கம் இருந்தவங்க.

அரிசி போடுற நாள்ல எல்லாம் பொழுது சாஞ்சதும் பேச்சி ஒரு சுண்டு அரிசிய சீல முந்தானையில மறைச்சு கொண்டாந்து எங்க அம்மாயி இஸ்தோப்புத் திண்ணையில இருக்குற கொடத்துக்கு பின்னால வச்சிட்டு போயிருவாளாம். ரெண்டு பேரும் அத பத்தி ஒரு வார்த்த பேசிக்கிட்டது இல்ல. அது நன்றியா லஞ்சமான்னு நான் கேட்டேன், "அரிசி" அப்படின்னாங்க. பதினோரு மாசம் இப்படியே போயிருக்கு. அப்புறம் ஒரு வாரம் அரிசி வரல, அடுத்த வாரமும் வரல, பேச்சி மாமியாவுக்கு சீக்கு, அவளுக்கே இல்ல. மூணாவது வாரம் ஆபிசுல இருந்து கிளாக்கரய்யா லயத்துக்கே வந்துட்டாரு, யார் சொல்லி வந்தாருன்னு தெரியாது, அம்மாயி சத்தியம் பண்ணாங்க நான் சொல்லலன்னு. நான் நம்புறேன். அவரு பேச்சி வாசல்ல நின்னு கேட்டுட்டு, அப்புறம் திரும்பி எங்க அம்மாயிய பாத்து கேட்டாராம், அவன் உள்ளதான் படுத்திருக்கானா நீ பாத்தியான்னு. ஆமாங்கய்யா காய்ச்சல்ங்கய்யான்னு ஒரு வார்த்த. அவ்வளவுதான் வேண்டியிருந்துச்சு. கங்காணி பொண்டாட்டி கூட அன்னைக்கு தல ஆட்டத் தயாரா நின்னாளாம்.

"நான் ஒண்ணும் சொல்லல ஆத்தா. நான் சும்மா நின்னேன்." இதத்தான் அம்மாயி சொன்னாங்க, கையத் திருப்பித் திருப்பி அனல்ல காட்டிக்கிட்டு.

வேலையில இருந்து நிப்பாட்டுற பத்துச்சீட்டு குடுத்து பேச்சிய அனுப்பிட்டாங்க. கண்ணு தெரியாத மாமியாவையும் ரெண்டு புள்ளையையும் கூட்டிக்கிட்டு எந்தத் தோட்டத்துக்கு போனான்னு யாருக்கும் தெரியாது. எங்க வீட்டு பேர் மட்டும் 1939ல இருந்து ஒரு மாசம் கூட விடாம புத்தகத்துல இருந்துச்சு, எங்க தாத்தாவுக்கு பிரஜாவுரிமை கெடச்சுச்சு, அதனாலதான் எங்கம்மா இங்க, நான் இங்க, கண்டியில ஏசி ரூம்ல உக்காந்து நாவல் எழுதுறேன். அண்ணன் கணக்கு போட்டு காட்டுற வரைக்கும் நான் இத ரெண்டையும் சேத்து பாத்ததே இல்ல.

கோயில்ல அழுது திருந்துற சீன் ஏன் ஒட்டலன்னு இப்பதான் தெரியுது, நான் தப்பான ஆளப் பத்தி யோசிச்சுக்கிட்டு இருந்திருக்கேன். மூணு வருசத்துல எழுதுன 200 பக்கமும் பேச்சி வாயால சொல்ற மாதிரி இருக்கு. அத அம்மாயி வாயால மாத்தணும், அம்மாகிட்ட எப்படி சொல்றதுன்னு தெரியல, அம்மாவுக்கு அம்மாயி சாமி மாதிரி.

கொழுந்துக்கூடை:

அக்கா 200 பக்கத்தையும் கிழிச்சிறாதீங்க அப்படியே இருக்கட்டும். அம்மாகிட்ட இப்ப சொல்லாதீங்க, எழுதி முடிச்சிட்டு வாசிச்சுக் காட்டுங்க.

ஒண்ணே ஒண்ணு கேக்கவா. பேச்சி சாமான் சட்டிய தூக்கிக்கிட்டு லயத்த விட்டு போறப்ப உங்க அம்மாயி எங்க நின்னாங்க? எல்லாரும் இஸ்தோப்புல நின்னு பாத்திருப்பாங்களே.

தொங்கல்_காம்பரா:

கேட்டேன். கதவ சாத்திட்டு உள்ள ரொட்டி சுட்டுக்கிட்டு இருந்தாங்களாம். மாவு ரொட்டி. கருகிப் போச்சுன்னு சொன்னாங்க.